வில்லங்கம் இல்லை

பிரிட்டனில் பழைய நாட்டுப்புற மாளிகை விற்பனைக்கு என்று விளம்பரம் வரும். சுற்றிலும் நிலம், குதிரை லாயம். லாயத்தை விருந்தினர் விடுதியா மாத்தியிருக்கோம் என்பான். எவன் உழைப்பில் வாங்கியது என்பதை மட்டும் எழுதமாட்டான்.

நான் பேங்க் குமாஸ்தா. மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்பதே பிழைப்பு. இங்கேயும் கேட்கிறேன்.

1829இல் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்க் மாளிகையைப் பண்ணையோடு வாங்கியவன் ஜான் கிளாட்ஸ்டன். தெமராராவில் அவனுக்குக் கரும்புத் தோட்டங்கள், ஆப்பிரிக்க அடிமைகள். 1823இல் அவன் தோட்டத்தில்தான் கலகம் வெடித்தது. சுட்டும் தூக்கிலிட்டும் அடக்கினார்கள். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம், 2 கோடி பவுண்டு நஷ்டஈடு. யாருக்கு? அடிமைக்குச் சல்லிக்காசு இல்லை, ஆண்டைக்கு! கிளாட்ஸ்டனுக்கு மட்டும் லட்சம் பவுண்டுக்கு மேல். அடிமைகள் கைவிட்டுப் போனதும் 1838இல் கல்கத்தாவிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றினான்.

நஷ்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடன் வரிப்பணத்தில் அடைந்து தீர்ந்தது 2015இல். பிரிட்டனில் குடியேறிய அடிமையின் பேரப்பிள்ளையும் அந்த வரியைக் கட்டினான். பாட்டனை அடித்தவனுக்குப் பேரன் தண்டம் அழுதிருக்கிறான், தோழர்களே.

பத்திரம் சுத்தமா இருக்கு சார் என்பார்கள். இருக்காதா பின்னே? எழுதினவனும் அவன், பதிஞ்சவனும் அவன். காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு வாங்கிய நமக்கு இந்தச் சுத்தம் தெரியாதா?

மாளிகையின் அழகைப் பேசுகிறவன் முதலில் லாயத்தைக் கூட்டினவன் பேரைச் சொல்லட்டும். அதுவரைக்கும் அந்தச் சொத்தில் வில்லங்கம் இருக்கு.