உப்பை அளக்க நாலு வழி, சுங்கத்தில் நாலு எண்

மக்களே, இந்த முறை கொஞ்சம் வறண்ட சப்ஜெக்ட். சுங்க வரி. அதிலும் ஆய்வகச் சாமான்களுக்கான சுங்க வரி. பாதியில் ஓடிவிடாதீர்கள், எங்கள் ஏரி இதற்குள் வருகிறது.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டி பக்கம், பழவேற்காடு ஏரிக்கரை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இங்கே உப்பு ஒரே அளவில் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டினால் தண்ணீர் சப்பென்று ஆகிவிடும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலைவிடக் கரிக்கும். இறால் வருமா வராதா என்பது இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் பெரியவர்கள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நாக்குக்கு இதுவரை வரி போடவில்லை.

ஆனால் நாக்கு சொன்னது கோர்ட்டில் நிற்காது. 1996 டிசம்பர் 11 அன்று ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று பெயர் சொல்லி உத்தரவு போட்டது. அந்தத் தீர்ப்பு பெரிதும் சாய்ந்து நின்றது நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் நேரில் பார்த்துக் கொடுத்த அறிக்கைகள் மேல். அளந்து சொல்ல ஆள் இருந்ததால் வழக்கு நின்றது. கரையில் இருப்பவனே அளந்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? அங்கேதான் சுங்கம் குறுக்கே வருகிறது.

உலகம் முழுக்கச் சரக்குகளுக்கு எண் கொடுக்கும் முறை ஒன்று 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. நம் நாடு இன்னும் இரண்டு சேர்த்து எட்டாக்கிக்கொண்டது. எந்த எண்ணோ, அந்த வரி. இப்போது ஏரித் தண்ணீரின் உப்பை அளக்க வேண்டும் என்று வையுங்கள். கண்ணாடி மிதவையைப் போட்டு அடர்த்தி பார்க்கலாம், அது 9025. ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு வெளிச்சத்தில் பார்க்கலாம், அது 9027. கடலாய்வுக்கென்றே செய்த கருவியை இறக்கலாம், அது 9015. கல்லூரி லேபில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரைடு பார்க்கலாம். அந்த பாட்டில் 9802. ஏரி ஒன்று, உப்பு ஒன்று, எண் நாலு! சூட்டையும் உப்பையும் சேர்த்து அளக்கும் கருவி என்றால் இன்னும் தமாஷ். அதன் முக்கிய வேலை எது என்று முதலில் சண்டை போட வேண்டும். எந்த வழியிலும் தீராவிட்டால் விதி 3-இன் கடைசிப் பிரிவு சொல்வது: பொருந்தும் எண்களில் எது கடைசியில் வருகிறதோ அதையே எடுத்துக்கொள்.

எண் வேறானால் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறதே. அந்த ஜெகந்நாதன் தீர்ப்பு வந்து இரண்டே நாளில், 1996 டிசம்பர் 13 அன்று, சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. இந்தியா 1997-இல் சேர்ந்தது. கம்ப்யூட்டருக்கும் சிப்புக்கும் வரியை நீக்கப் போட்ட அந்தப் பட்டியலில் குரோமடோகிராஃப், ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒளிக்கதிரால் அளக்கும் கருவிகள் எல்லாம் இடம் பிடித்தன. அதனால் ரிஃப்ராக்டோமீட்டருக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. கண்ணாடி மிதவை அந்தப் பட்டியலில் இல்லை, அது வரி கட்டும். காற்றில் என்ன வாயு கலந்திருக்கிறது என்று பார்க்கும் அனலைசர் அதே 9027-இல் இருந்தும் பட்டியலுக்கு வெளியே! எண்ணூர்க்காரர்கள் கவனிக்கவும்.

சலுகைகள் இருக்கின்றனவே என்பார்கள். இருந்தன, ஆனால் ஆளைப் பார்த்து. பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகம் என்று பட்டியல் போட்டு, பதிவுச் சான்றிதழ் கேட்டு, 2017 நவம்பரில் கருவிகளுக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதமாக்கினார்கள். 2022 ஜூலை 18-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அது இருந்த ஐந்து வருடத்திலும் மீனவர் சங்கமோ சின்ன இறால் வளர்ப்பவரோ அந்தப் பட்டியலில் இல்லை. உப்பை யார் அளந்தாலும் அது அதே உப்புதானே?

இப்போது அந்த 9802. இதைத்தான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். 500 கிராம் அல்லது 500 மில்லிக்கு மேற்படாத பாக்கிங்கில், ஆய்வகத்துக்கு மட்டுமே என்று அடையாளம் தெரிகிற ரசாயனம் எதுவாக இருந்தாலும் இந்த எண்ணுக்குள் வரும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இதற்கான அடிப்படை வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக்கினார்கள். ஆயிரம் ரூபாய் பாட்டிலுக்கு நூறு ரூபாயாக இருந்த வரி ஆயிரத்து ஐநூறு! சாராயத்துக்குப் போடுகிற வரி இது. வேடிக்கை என்னவென்றால் காரணமும் சாராயம்தான். 150 சதவீதம் கட்ட வேண்டிய எத்தில் ஆல்கஹாலைச் சிலர் ஆய்வக ரசாயனம் என்ற பெயரில் 10 சதவீதத்தில் இறக்கினார்களாம். அதைத் தடுக்க ஒட்டுமொத்த அலமாரிக்கும் பூட்டு. விஞ்ஞானிகள் கூச்சல் போட்டதும் ஆகஸ்ட் 1-இல் மறுபடி 10 சதவீதம்; ஆனால் ஆய்வகத்துக்கும் ஆராய்ச்சிக்கும்தான் என்ற நிபந்தனையோடு, உறுதிமொழியோடு.

தப்பான எண்ணில் ஒரு பொருள் நுழைந்தால் அந்தப் பொருளை அந்த எண்ணிலிருந்து வெளியே தள்ள வேண்டும். விதியில் ஒரு வரி எழுதினால் போதும். உறுதிமொழி கேட்டால் பெரிய நிறுவனம் அதற்கென்று ஒரு குமாஸ்தாவை வைத்திருக்கும். பாரிமுனைக் கடையில் ஒரு பாட்டில், இரண்டு பாட்டில் என்று வாங்கும் காலேஜ் லேப் என்ன செய்யும்?

எதிர்வாதம் ஒன்றுக்கு மட்டும் எனக்கு மரியாதை உண்டு. ஹரியானாவின் அம்பாலாவில் ஆய்வகக் கருவி செய்யும் சிறுதொழில்கள் நிறைய. இறக்குமதி வரி அவர்களைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள். சரி, கண்ணாடி மிதவைக்கு அந்த வாதம் நிற்கும். ஆனால் அப்படி என்றால் இங்கே செய்ய முடிந்ததற்கு வரி, முடியாததற்கு விலக்கு என்று நேராக எழுதுங்கள். யார் வாங்குகிறான், சான்றிதழ் இருக்கிறதா என்று ஏன் துருவ வேண்டும்? தண்ணீரையும் காற்றையும் அளக்கும் கருவி எந்த எண்ணில் விழுந்தாலும், யார் வாங்கினாலும், ஒரே குறைந்த வரி. நான் கேட்பது அவ்வளவுதான்.

எண்ணில் சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆணையம் 2021 முதல் இருக்கிறது. கட்டணம் பத்தாயிரம் ரூபாய். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரே சில ஆயிரத்துக்குக் கிடைக்கும், கேள்வி கேட்க அதைவிட அதிகம்! ஆணையம் இருப்பது டெல்லியிலும் மும்பையிலும். எங்கள் ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் கன்டெய்னராக இறங்குகிறது. அதற்குள் இருப்பதற்கு என்ன எண் என்று கேட்க மும்பைக்கு எழுத வேண்டும். சென்னையில் ஒரு கிளை, சிறிய தொகைக்கு இறக்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை: இந்த இரண்டுக்கும் பட்ஜெட் வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை.