கோடை இரவின் மன்னா



ஜலப்பிரளயத்திற்குப் பின் தேவன் நோவாவுக்கு அருளிய வாக்குத்தத்தத்தில் மாரிக்கு இடமிருப்பதுபோலக் கோடைக்கும் இடமுண்டு. ஆகவே வெயிலைக் குறித்து முறையிட இதை நான் எழுதவில்லை. அந்த வெயிலில் நாம் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தைக் குறித்தே எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை நம் மாநிலம் கண்டிராத அளவு அது. கத்திரி வெயில் தொடங்க அன்று இன்னும் இரண்டு நாள் இருந்தது!

பகலில் சூரிய மின்தகடுகள் ஓரளவு கைகொடுக்கின்றன. பொழுது சாய்ந்ததும் அவை ஓய்ந்துவிடும். பகலெல்லாம் வெப்பத்தை உண்ட கான்கிரீட் சுவர்களோ இரவில்தான் அதைக் கக்குகின்றன. கடலோர ஊர்களில் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆரல்வாய்மொழியின் காற்றாலைகள் முழுவேகத்தில் சுழலத் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்க வேண்டும். ஏப்ரலில் அதை எதிர்பார்க்க இயலாது. எனவே அந்த இரவுகளின் பாரத்தைப் பெரும்பாலும் நிலக்கரியே சுமக்கிறது. ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அது வந்து சேருகிறது.

யோசேப்பு எகிப்தின் களஞ்சியங்களில் தானியத்தைச் சேர்த்துவைத்தான். மின்சாரத்தை அவ்வாறு பெருமளவில் சேர்த்துவைக்க இன்னும் நம்மால் கூடவில்லை. அது வனாந்தரத்து மன்னாவைப் போன்றது. உண்டாகும் வேளையிலேயே செலவாக வேண்டும். மன்னாவை அருளிய தேவன் தலைக்கு ஓர் ஓமர் என்று அளவும் குறித்தார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரை நினைத்துப் பாருங்கள். மாடிவீட்டின் மூன்று ஏ.சி.களும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் கைக்குழந்தையோடு படுத்திருக்கும் தாயின் ஒற்றை மின்விசிறியும் ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன. பாரம் தாங்காமல் அது பழுதானால் இன்வெர்ட்டர் உள்ள வீடு சமாளித்துக்கொள்ளும். அந்தத் தாய் விசிறிமட்டையைத் தேடுவாள். போதாக்குறைக்கு, நம் அறையிலிருந்து ஏ.சி. வெளியேற்றும் அனல் அவளுடைய சன்னலை நோக்கியே வீசுகிறது.

ஏ.சி. பாவம் என்று நான் சொல்லவில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது உயிர்காக்கும் ஈவு. பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வதைத்தான் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்று அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே கூறுகிறது.

நம் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. நன்கொடை சேர்ந்தவுடன் முதலில் ஏ.சி. பொருத்துகிறோம்; மே மாதத்து உயிர்மீட்சிக் கூட்டங்களையோ விளக்கு வெள்ளத்தில் இரவு பத்து மணிவரை நீட்டுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஆராதனையை விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாற்றினால் என்ன? கதவுகளைத் திறந்துவைத்தாலே போதிய காற்று வரும். அடுத்த சபைக்குழுக் கூட்டத்தில் இதை நீங்களே முன்மொழியுங்கள். எதிர்ப்பு வரும், விடியலில் எழ விரும்பாதோர் எல்லாச் சபைகளிலும் உண்டு.