சாயம் போகும் என்று சொல்லி விற்றவர்கள்

ஓணம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு செட்டு முண்டு தொங்கியது. கடையில் விரித்துக் காட்டியபோது பொன்னாய் மின்னிய கசவுக் கரை, ஒரே ஒரு முறை நனைத்ததும் அடிப்பிடித்த பாத்திரம் போலக் கறுத்திருந்தது. "ஏனுங்க, கைத்தறின்னு சொல்லித்தானே அத்தனை காசு வாங்குனாங்க?" என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை. காசைக் கொடுத்தவன் நான்தான்.

கொழிஞ்சாம்பாறையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பொங்கலும் எங்களுடையது, ஓணமும் எங்களுடையது. துணி எடுக்கக் கோயம்புத்தூரும் போகலாம், பாலக்காடும் போகலாம். அதனால் அது எந்த ஊர்க் கடை என்பதை விட்டுவிடுகிறேன். முண்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பையைப் பிரிக்கவே இல்லை. "சோப்பை மாத்திப் போட்டிருப்பீங்க சார். நம்ம மால்ல குறையே வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

'குறையே வராது' என்ற அந்த இரண்டு சொல் மனசில் முள்ளாய்த் தைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் ஊரான குத்தாம்புள்ளிக்குக் கிளம்பினேன்.

லக்கிடியில் ரயில் பாதையைத் தாண்டி, பாரதப்புழைப் பாலத்தைக் கடந்தால் திருவில்வாமலை. லக்கிடி குஞ்சன் நம்பியார் பிறந்த மண். ஊரில் ஒருவரையும் விடாமல் கிண்டல் செய்த அந்தக் கவிஞர் இன்று இருந்தால் என் முண்டை வைத்தே ஒரு துள்ளல் ஆடியிருப்பார். திருவில்வாமலைக்குப் பக்கத்தில், காயத்ரிப் புழை பாரதப்புழையோடு சேரும் இடத்தில் இருக்கிறது குத்தாம்புள்ளி. கணக்குக்குத் திருச்சூர் மாவட்டம் என்றாலும் ஆற்றைத் தாண்டினால் பாலக்காடுதான். கொச்சி அரச குடும்பத்துக்குத் துணி நெய்ய மைசூர்ப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்ட தேவாங்கச் செட்டியார்களின் ஊர் இது. கடைத்தெருவில் மலையாளம், வந்தவர்களிடம் தமிழ், வீட்டுக்குள் இன்றைக்கும் கன்னடம்.

ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் பெரியவர் ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் குழிக்குள் மிதிகட்டைமேல். வலக்கை கயிற்றைச் சுண்ட, நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. பேசிக்கொண்டே நெய்தார். திடீரென்று கை நின்றது. பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை, அவர் விரலுக்குத் தெரிந்தது. அறுந்த இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி முடிச்சுப் போட்டார். மறுபடி சத்தம் தொடங்கியது.

"அண்ணா, அந்த இடத்துல முடிச்சு தெரியாதா?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாது சாரே, தடவினாத் தட்டும்."

"அது குறைதானே?"

அவர் சிரித்தார். "கையில நெய்தா அறும். அறுந்தாக் கட்டணும். முழு முண்டுல ஒரு இடத்துலகூடத் தட்டலேன்னாத்தான் சந்தேகப்படணும்."

பையிலிருந்த முண்டை எடுத்து நீட்டினேன். விளிம்பை ஒரு முறை தடவினார், கரையை நகத்தால் சுரண்டினார், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே நெய்தது என்று நானும் கேட்கவில்லை. கசவு நூலைப் பற்றி மட்டும் பேசினார். சரிகை சூரத்திலிருந்து வருகிறதாம். வெள்ளி சேர்ந்தது ஒரு தரம், ஹாஃப் ஃபைன் ஒரு தரம், பிளாஸ்டிக் இழை ஒரு தரம். விலைக்குத் தக்கபடி எதையும் போடலாம். "எது போட்டிருக்கு, எத்தனை வருஷம் நிக்கும்னு கேட்டாச் சொல்லுவேன். யாரும் கேக்கறதில்லை. விலையை மட்டும் கேப்பாங்க."

குத்தாம்புள்ளிச் சேலைக்கு 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டுப் பக்கம் விசைத்தறியில் ஓடிய துணி, எல்லையைத் தாண்டியதும் 'கேரளக் கைத்தறி' ஆகிவிடுகிறது. வாளையார்ச் சோதனைச் சாவடியில் இதைக் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் கிடையாது.

பெயர் வைத்தால் போதுமா என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. பெயரின் பலத்தை நம் பக்கத்து ஊர்க்காரர்களே காட்டியிருக்கிறார்கள். 1983இல் திருப்பூரில் கே.ஆர். நாகராஜன் ராம்ராஜ் காட்டனைத் தொடங்கும்வரை, வேட்டி என்பது கடைக்காரர் உருவிக் கொடுக்கும் துணி, அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயர், ஓர் அட்டைப்பெட்டி, நடிகர் ஜெயராம் நடந்துவரும் ஒரு விளம்பரம் என்று ஆனதும், கட்டியிருப்பவனின் நடையே மாறியது. ஆனால் நான் வாங்கிய முண்டிலும் பெயர் இருந்தது. பளபளவென்று லேபிள் தைத்திருந்தார்கள். ஆகப் பெயர் பாதி வேலைதான். மீதி என்ன என்பதற்கு ஓர் அசல் கதை இருக்கிறது.

கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் 1922இல் கண்ணூரில் பிறந்தவர். ராணுவத்திலிருந்து வந்து, மாமனாரின் கைத்தறித் தொழிலில் இறங்கினார். பின்னாளில் மனைவி லீலாவின் பெயரில் ஓட்டல்கள் கட்டியவர் இவர்தான். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வணிகர் இவரைத் தேடி வந்தார். கட்டம் போட்ட, இயற்கைச் சாயத்தின் வாடை வீசும் மெட்ராஸ் கைத்தறித் துணி அவருக்குப் பிடித்துப்போனது. கெஜம் ஒரு டாலர் என்று பேரம் படிந்தது. நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு அதில் 10,000 கெஜம் போய்ச் சேர்ந்தது. சட்டையும் கோட்டுமாகத் தைத்து விற்றார்கள்.

"இதைப் பச்சைத் தண்ணீரில், மெதுவாக, தனியாக அலச வேண்டும்" என்று நாயர் ஜேக்கப்சனிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஜேக்கப்சன் அதைக் கடைக்காரர்களிடம் சொல்லவில்லை. அமெரிக்கர்கள் மெஷினில் போட்டுச் சுழற்றினார்கள். சிவப்பு நீலத்தில் ஏறியது, நீலம் வெள்ளையில் ஏறியது, கூடப் போட்ட உள்ளாடைகள் எல்லாம் வர்ணஜாலம். புகார்கள் குவிந்தன. வழக்கறிஞர் நோட்டீஸ் என்ற அளவுக்கு விவகாரம் போயிற்று. நாயர் நியூயார்க்குக்கு ஓடினார்.

நம் கடைக்காரராக இருந்தால் 'சோப்பை மாத்திப் போட்டிருப்பீங்க' என்று சொல்லியிருப்பார். அங்கே நடந்தது வேறு. 'செவன்டீன்' என்ற இளம்பெண்களுக்கான பத்திரிகையின் ஆசிரியரோடு நாயரை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். இந்தத் துணியின் சாயம் போகும், ஒவ்வொரு அலசலுக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும், ஒவ்வொரு முறையும் புதுத் துணிபோல வேறு நிறம் காட்டும், உலகில் வேறெங்கும் இது கிடைக்காது. விஷயத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டது பத்திரிகை. 'சாயம் கசியும் மெட்ராஸ்' என்பது ஒரே பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மோகமானது. சாயம் போகும் என்பதே உத்தரவாதமாக அச்சடிக்கப்பட்டது. போகாவிட்டால்தான் போலி!

இதை விளம்பரத் தந்திரம் என்று சிரித்துக் கடந்துவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை. முதலில் மறைத்த ஒன்றைப் பிறகு வெளியே சொன்னார்கள். மறைத்தபோது அது மோசடி, சொன்னபோது அது குணம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதராசபட்டினத்தில் இடம் பிடித்ததே துணிக்காகத்தான். முன்னூறு ஆண்டுகளுக்குமேல் துணி விற்ற ஊரின் பெயர், ஒரு குறையைச் சொன்ன பிறகுதான் அமெரிக்க வீடுகளுக்குள் அப்படி நுழைந்தது.

நம் காலத்தின் பெரிய பெயரைப் பார்ப்போம். கொல்கத்தாவின் சப்யசாச்சி முகர்ஜி 1999இல் சின்னதாகத் தொடங்கிய பட்டறை இன்று உலகக் கம்பெனி. 2021 ஜனவரியில் ஆதித்ய பிர்லா குழுமம் அதன் 51 சதவீதப் பங்கை 398 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. 2022இல் நியூயார்க்கில் கடை திறந்தார். அவர் இந்த உயரத்துக்கு வந்ததும் ஒரு குறையைச் சொல்லித்தான். மனிதக் கையின் பிசகுதான் தன் அழகு என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தவர் அவர். மணப்பெண்கள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவது அந்தப் பிசகைத்தான்.

அதே மனிதர் 2021 ஆகஸ்டில் எச் அண்ட் எம் கம்பெனியோடு சேர்ந்து மலிவு விலை வரிசை ஒன்றை வெளியிட்டார். 9,999 ரூபாய்ச் சேலை நிமிஷக் கணக்கில் தீர்ந்தது. அதன் பூவேலைகள் கையால் அச்சுக்கட்டை வைத்து ஒற்றியவை அல்ல, இயந்திரம் போட்ட அச்சு. கைவினைஞர்களுக்காக உழைக்கும் அமைப்புகள் அவருக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதின. இந்திய வடிவமைப்பை உலக வரைபடத்தில் ஏற்றவே இதைச் செய்தேன் என்றார் அவர். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் கையின் பிசகை விற்றுப் பேர் வாங்கியவரிடம், பிசகே இல்லாத அச்சைப் பார்த்ததும் கடிதம் எழுதியவர்களுக்கு மனசு சுருங்கியது. அந்தச் சுருக்கத்துக்கு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் பத்தி கிடையாது.

எங்கள் எல்லையின் இன்னொரு கோடி இடுக்கி. உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறினால், தேயிலைத் தோட்டத்தில் கேட்பதெல்லாம் தமிழ்தான். நல்லதண்ணி எஸ்டேட்டில் சிருஷ்டி என்ற நல நிறுவனம் இருக்கிறது. டாடா டீ ஆதரவில் தொடங்கியது. அதன் ஒரு பிரிவு ஆரண்யா நேச்சுரல். ரத்னா கிருஷ்ணகுமார் முன்னின்று உருவாக்கியது. தோட்டத் தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அங்கே இயற்கைச் சாயம் ஏற்றுகிறார்கள். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யூகலிப்டஸ் இலையும் தேயிலைக் கழிவும் அவர்களுக்குச் சாயச் சரக்கு. ஜப்பானியர்களின் ஷிபோரி முறையில் துணியை முடிந்தும் மடித்தும் முக்குகிறார்கள். நம் மதுரைச் சுங்குடிக்குத் தூரத்து உறவு அது.

யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்தால் என்ன நிறம் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். மரம் நின்ற மண், இலை பறித்த மாதம், கொப்பரைத் தண்ணீர், படிகாரமா இரும்பா என்பது எல்லாம் சேர்ந்து துருச் சிவப்பாகவும் வரும், ஆரஞ்சாகவும் வரும், கறுத்தும் வரும். ஒரே அளவில் ஒரே நிறத்தில் ஆயிரம் உருப்படி வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும் பெரிய கடைக்கு இது தலைவலி. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று சொல்லி விற்றால், அதை வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். ஒரே மாதிரி இல்லாத பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லாத துணியைச் செய்கிறார்கள். இதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

2015 ஆகஸ்ட் 7ஆம் தேதி, முதல் தேசியக் கைத்தறி நாளன்று, சென்னையில் 'இந்தியா ஹேண்ட்லூம்' முத்திரையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். நல்ல நோக்கம். குறையே இல்லாத தரம் என்று அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். அங்கேதான் எனக்குத் தயக்கம். குறையே இல்லாமை இயந்திரம் கொடுக்கும் வாக்குறுதி. அந்தப் பந்தயத்தில் குழித்தறி என்றைக்கும் விசைத்தறியிடம் தோற்கும். கைத்தறி கொடுக்கக்கூடிய வாக்குறுதி வேறு: இதில் இன்ன நூல், இன்ன சரிகை, இத்தனை வருஷம் நிற்கும், இன்ன இடத்தில் தட்டும், இப்படித் துவைத்தால் கெடும்.

கிழிசலையும் வெளுப்பையும் கலை என்று சொல்லி விற்கலாம் என்று நான் வாதாடவில்லை. பக்கத்துத் துணியில் சாயம் ஏற்றும் மெட்ராஸைச் சொல்லாமல் விற்றால் இன்றைக்கும் அது மோசடிதான். பிளாஸ்டிக் சரிகை போட்டதும் குற்றமில்லை. ஏழை வீட்டிலும் ஓணத்துக்குக் கசவு மின்ன வேண்டும். அதைப் பிளாஸ்டிக் என்று சொல்லி, அதன் விலைக்கு விற்றிருந்தால் இந்தப் பத்திக்கே வேலை இருந்திருக்காது.

குத்தாம்புள்ளியில் அந்தப் பெரியவரிடமே ஒரு செட்டு முண்டு எடுத்தேன். ஹாஃப் ஃபைன் சரிகை, ஐந்தாறு வருஷம் நிற்கும், பிறகு மங்கும் என்றார். எங்கெங்கே இழை கட்டியிருக்கிறது என்று இரண்டு இடத்தைக் காட்டினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொடுத்தபோது முதலில் அந்த இரண்டு இடத்தையும் தடவிப் பார்த்தாள். "இங்கதானுங்களா?" என்றாள். லேபிள் இல்லாத அந்தத் துணியில் கையெழுத்து அதுதான்.

அடுத்த முறை கைத்தறி வாங்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல என்னங்க குறை?" சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். குறையே இல்லை என்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.