தலை எந்தத் திசையில்? உடம்பு எந்தப் பக்கம்?

உத்திரமேரூர் பக்கம் மாகறல் ஆகட்டும், தமிழ்நாட்டில் வேறு எந்த ஊராகட்டும், பாய் விரிக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "வடக்கே தலை வைக்காதே, மூளைக்கு ஆகாது." பூமியின் காந்தம் ரத்தத்திலுள்ள இரும்பை இழுத்துவிடும் என்று இதற்கு ஒரு விஞ்ஞான விளக்கமும் சொல்வார்கள்.

இந்த விளக்கம் நிற்காது. ரத்தத்தில் இரும்பு ஆணி போலக் கிடப்பதில்லை, ஹீமோகுளோபினோடு பிணைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. எம்.ஆர்.ஐ. கருவியில் சாதாரணமாக 1.5 டெஸ்லா, அதாவது 30,000 மடங்குக்கும் மேல். அதற்குள் படுத்து எழுந்து வருபவர்களுக்கே ரத்தம் தலைக்கு ஏறுவதில்லை!

அப்படியானால் எப்படிப் படுத்தாலும் ஒன்றுதானா? இல்லை. 2015-ல் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுத்த எலிகளை ஆராய்ந்தார்கள். மல்லாந்தோ குப்புறவோ கிடந்ததைவிட ஒருக்களித்துக் கிடந்தபோது மூளையின் கழிவு நன்றாக வெளியேறியது. ஆனால் தூக்கத்தில் மூளை கழிவை வேகமாக வெளியேற்றுகிறது என்பதையே 2024-ல் சுண்டெலிகளில் நடந்த ஓர் ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. எனவே இதை வைத்து மனிதனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

சந்தேகமில்லாத விஷயம் ஒன்று உண்டு. குறட்டை! மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். சிலருக்கு மூச்சு பத்து நொடிக்கும் மேல் நின்று நின்று வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் பக்கவாத ஆபத்தும் கூடும். பலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே இது குறைகிறது. ஆனால் நம் வீடுகளில் குறட்டை விடுபவரைப் பார்த்து "அசந்து தூங்குகிறார்" என்று சந்தோஷப்படுகிறோம்.

தேரையர் பெயரில் வழங்கும் நோய் அணுகா விதியும் இடப்பக்கம் படுக்கத்தான் சொல்கிறது. திசையைப் பற்றிய பேச்சைப் பிடித்துக்கொண்ட நாம் இதை மட்டும் ஏனோ விட்டுவிட்டோம். பாயைத் திருப்பிப் போடுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக் குறட்டை விடுபவரிடம் காட்டலாம். மூச்சு நின்று நின்று வந்தால், பகலிலும் தூங்கி வழிந்தால், அவரை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அதுவரை அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். தலை வடக்கே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.