சென்னை–கொழும்பு கூடைப்பந்து கோப்பை ஏன் இன்னும் இல்லை?

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் தமிழ்நாட்டு கூடைப்பந்து அணி ஒன்று கொழும்பு கிளப்புடன் ஒரு சீசன் முழுக்க, அங்கே ஒரு மேட்ச், இங்கே ஒரு மேட்ச் என்று மோதுகிற தொழில்முறை லீக் இதுவரை இல்லை.

தெற்காசிய நாடுகளுக்கு இடையே போட்டியே இல்லையா? இருக்கிறது. 'சாபா' சாம்பியன்ஷிப் என்ற பெயரில் தேசிய அணிகள் மோதும். பெரும்பாலும் இந்தியாதான் ஜெயிக்கும். சில நாட்களில் எல்லாம் முடிந்து, பெட்டியைக் கட்டிவிடுவார்கள். நாம் இங்கே பேசுவது கிளப்கள் மோதும் போட்டியை. அதில் ஆடினால் வீரருக்கு மாதச் சம்பளம் வரும்.

சண்டை போட்டவர்களே சேர்ந்து ஆடுகிறார்கள்

போஸ்னியப் போர் முடிந்தது 1995-ல். அடுத்த ஆறே வருடத்தில், 2001-ல், ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா கிளப்கள் கைகோத்து அட்ரியாடிக் லீக்கைத் தொடங்கின. செர்பியாவின் ரெட் ஸ்டார், பார்ட்டிசான் போன்ற பெரிய கிளப்கள் பிறகு வந்து சேர்ந்தன. பாசம் பொங்கி வழிந்தெல்லாம் இல்லை. தனித்தனியாக ஆடினால் உள்ளூர் லீக் சின்னது, டிவி பணமும் கொஞ்சம்தான் என்ற கணக்குதான். இன்று என்பிஏவின் பெரிய பெயர்களில் ஒருவரான நிகோலா யோகிச், பெல்கிரேடின் மெகா கிளப்புக்காக இந்த லீக்கில் ஆடித்தான் அமெரிக்காவுக்குப் போனார். எல்லை தாண்டிய லீக், ஊர்ப் பையனுக்கு ஒரு ஏணி. இந்தியா–பாகிஸ்தான் விவகாரத்தைக் காட்டி 'இங்கே இதெல்லாம் நடக்காது' என்பவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். கொழும்பு, மாலே, காத்மாண்டுக்குப் போக அந்தச் சாக்கும் கிடையாது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை சிங்கப்பூருடையது. சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் 2006-ல் ஆஸ்திரேலிய லீக்கில் சேர்ந்தது. ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் கண்டம் தாண்டிப் பறக்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை, இரண்டே வருடத்தில் விலகியது. 2009-ல் ஆசியான் கூடைப்பந்து லீக் ஆரம்பித்தபோது அதே அணி கோலாலம்பூர், மணிலா, ஜகார்த்தா என்று பக்கத்து ஊர்களோடு மோதத் தொடங்கியது. 2016, 2017, 2019 என மூன்று முறை இறுதிப் போட்டி வரை வந்து, மூன்றிலும் தோற்றது. பாவம்தான். ஆனால் தோற்பதற்கும் ஒரு லீக் வேண்டுமே!

அந்த லீக்கின் தொடக்கத்தில் பின்னணியில் இருந்தவர் ஏர் ஏசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ். இது தற்செயல் இல்லை. எல்லை தாண்டும் லீக்கில் டிக்கெட் செலவு முக்கியமான செலவு. விமான கம்பெனியே ஸ்பான்சராக வந்தால் பாதிக் கவலை தீரும். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் விமானங்கள் நின்றன, லீக்கும் நின்றது. பழைய உருவில் அது திரும்பவில்லை.

நம்மிடம் எங்கே இடிக்கிறது?

டிக்கெட் செலவு இங்கே அவ்வளவு பெரிய தடை இல்லை. கிளப் இல்லாததுதான் தடை. ஐஓபி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், வருமான வரித் துறை, காவல்துறை, ரயில்வே, ஓஎன்ஜிசி: நம் நல்ல வீரர்கள் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு அலுவலகத்தின் ஊழியர்கள். இந்திய அணியின் கேப்டனாக இருந்த விசேஷ் பிருகுவன்ஷியே ஓஎன்ஜிசி ஊழியர்தான்.

இதைக் கிண்டல் செய்ய வேண்டாம். திருவதிகையில் பிளஸ் டூ படிக்கும் உயரமான பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். பஸ் ஏறி நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போய் கோர்ட்டில் வியர்வை சிந்துகிறான். 'விளையாடி என்னடா கிடைக்கும்?' என்று வீட்டில் கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதும் அந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கிறது. அது நியாயமான நம்பிக்கை. இரண்டு சீசனில் மூடிவிடக்கூடிய லீக்கை நம்பி நிரந்தர வேலையை விடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அப்படி மூடியதும் உண்டு. யுபிஏ லீக் 2015-ல் வந்தது. அதில் சென்னை ஸ்லாம் என்ற அணி இருந்தது. 2017-க்குப் பிறகு லீக்கே இல்லை. 2022-ல் ஐஎன்பிஎல் வந்தது. இம்முறை சென்னை ஹீட். அணிகள் எல்லாம் ஓர் ஊரில் கூடி, ஆடி, கலைந்து போகும் பாணி இவை. பெயரில் சென்னை இருக்கும். சென்னையில் டிக்கெட் வாங்கி வாராவாரம் பார்க்க முடியாது. அப்புறம் ரசிகன் எப்படி ஒட்டுவான்?

ஒட்டுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. பெரியகுளத்தில் வருடந்தோறும் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கும், கோவையின் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கும் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கடலுக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர் அமெரிக்கப் பாதிரியார் யூஜின் ஹெபர்ட். 1990-ல், போர்க்காலத்தில், அவர் காணாமல் போனார். அந்தப் பள்ளியின் கூடைப்பந்துப் பெயர் போகவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

எட்டு நாடு, பன்னிரண்டு அணி என்றெல்லாம் வேண்டாம். சென்னை, கோவை, கொழும்பு, மாலே: நான்கு அணிகள், வார இறுதி ஆட்டங்கள், சொந்த ஊரில் பாதி, வெளியூரில் பாதி. முதல் சீசனுக்கு மூன்று மாதம் போதும். தமிழ் வர்ணனையோடு யூடியூபில் ஓட்டினால் யாழ்ப்பாணத்திலும் பார்ப்பார்கள், கோலாலம்பூரிலும் பார்ப்பார்கள்.

ஸ்பான்சரைவிட முதலில் கிடைக்க வேண்டியது ஒரு கடிதம். வங்கியும் ரயில்வேயும் தங்கள் வீரரை அந்த மூன்று மாதத்துக்கு, சம்பளமும் சீனியாரிட்டியும் பாதிக்காமல், விடுவிக்கும் கடிதம். இந்தியக் கூடைப்பந்து சம்மேளனமும் தமிழக அரசும் இந்த நிறுவனங்களோடு உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. திருவதிகைப் பையனும் வேலையை விடாமல் கொழும்புக்குப் போய் ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலை டூட்டிக்கு வந்துவிடலாம்.