கண்ணாடி ஒட்டினால் மாடர்னா?

சாங்விக்கு வந்து ஆறு வருஷமாச்சு. பொட்டி தட்டிச் சேர்த்த காசில் ஊரில் ஒரு வீடு கட்டலாம் என்று ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை.

விழுப்புரத்து இன்ஜினியர் அனுப்பிய பிளானில், மேற்குப் பார்த்த முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. நாலு ஏ.சி.க்கு மட்டும் மறக்காமல் இடம் குறித்திருந்தார். "மாடர்னா வேணும்னு நீதானேடா சொன்ன?" என்கிறார் அப்பா போனில்.

சொன்னேன்தான். ஆனால் மாடர்ன் என்றால் என்ன என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்திய நவீனக் கட்டிடக்கலை என்றாலே சண்டிகரில்தான் ஆரம்பிப்பார்கள். நேரு காலம், 1951-ல் லெ கொர்பூசியே வந்தார், நவீனம் பிறந்தது. சண்டிகரின் கேப்பிடல் வளாகம் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. சந்தோஷம். ஆனால் அதற்கு 14 வருஷம் முன்னாலேயே, 1937-ல், விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வேலை ஆரம்பித்த ஒரு வீடு இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? புதுச்சேரி கோல்கோண்டைத்தான் சொல்கிறேன்.

அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்காகக் கட்டியது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்த நன்கொடையில் எழுந்ததால், வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயர். வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் தொழில் செய்தவர். இங்கேயே தங்கி வேலை பார்த்தவர்கள் ஜார்ஜ் நகஷிமாவும் பிரான்ஸ்வா சாமரும். நகஷிமாவைத்தான் பின்னால் அமெரிக்கா மரச்சாமான் மேதை என்று கொண்டாடியது. நடுவில் உலகப்போர் வந்ததில், கட்டி முடிக்க 1940கள் ஆகிவிட்டது.

முழுக்க கான்கிரீட். ஆனால் அடுப்பு மாதிரி கொதிக்காது. நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். அந்த இரண்டு பக்கமும் சுவருக்குப் பதிலாக, கையால் திறந்து மூடும் லூவர் பலகைகள். அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே காற்று புகும் தேக்குச் சறுக்குக் கதவு. கதவு மூடியிருந்தாலும் காற்று குறுக்கே ஓடும். கூரைக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று இடைவெளி. ஏ.சி.யை நம்பாமல் நம் வெயிலுக்குப் பதில் சொன்ன வீடு இது. இதுதானய்யா மாடர்ன்!

"வெள்ளைக்காரன் கட்டினது நம்மளுதா?" என்று கேட்பீர்கள். சண்டிகரை யார் கட்டினார்களாம்? "ஆசிரமத்துக்கு நன்கொடை வந்தது, ஆளும் இருந்தது, நம்மால் முடியுமா?" நியாயமான கேள்வி. அந்த நுணுக்கமும் அத்தனை வருஷப் பொறுமையும் நம் பட்ஜெட்டில் வராது. அந்த லூவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தவை, அதையும் இன்று தொடக்கூடாது. ஆனால் திசை பார்த்துக் கட்ட எந்த நன்கொடை வேண்டும்? கண்ணாடிக்கும் நாலு ஏ.சி.க்கும் ஆகிற காசில் மர லூவர் போட முடியாதா?

என் கோபம் இன்ஜினியர் மேல் இல்லை. நாம் கேட்பதைத்தான் அவர் வரைகிறார். நாம்தான் வெளியூரில் பார்த்த ஆபீஸ் கட்டிடத்தை ஊரில் வீடாகக் கட்டச் சொல்கிறோம். அதற்குள் மே மாசத்தில் உட்காரப் போவது நாமில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏ.சி.யை அணைத்து வைக்கும் அப்பா அம்மா.

நேற்று மறுபடி பேசினேன். மேற்கே படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர். படுக்கையறைகளுக்கு வடக்கிலும் தெற்கிலும் திறப்பு. கண்ணாடி கிடையாது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கொசு வருமேடா" என்றார்.

வலை அடிச்சுக்கலாம்பா. காத்தை மட்டும் அடைக்க வேண்டாம்.

பி.கு: கோல்கோண்ட் இன்றும் ஆசிரம விருந்தினர்கள் தங்கும் இடம். நினைத்தவுடன் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க முடியாது. தெருவில் நின்று அந்த லூவர்களைப் பாருங்கள், அதுவே போதும்.