செய்தவன் பெயர் எங்கே?

பழம்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவோர் உலகெங்கும் ஒரு சித்தாந்தம் பேசி வருகின்றனர். உயர்ந்த கலை தன்னைத்தானே விளக்கிக்கொள்ளுமாம். அதைச் செய்தவன் யார், அது எவ்வழியே இங்கு வந்து சேர்ந்தது என்ற விசாரணையெல்லாம் ரசனைக்கு இடையூறாம். பொருள் பழமையானதா, அசலா என்ற இரண்டே கேள்விகள் போதும் என்பர். கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் அதனால் லாபமடைந்தவர் யார், நஷ்டமடைந்தவர் யார் என்று கணக்குப் பார்த்தால் இனிமை கசப்பாகிவிடும். அக்கணக்கையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

மாற்றுக் கட்சியின் பலவீனமான வாதத்தை எடுத்துவைத்து வெல்வது நேர்மையன்று. ஆகவே அதன் தலைசிறந்த அறிஞரையே முன்னிறுத்துவோம். அவர் ஆனந்த குமாரசாமி. 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தையார் சர் முத்து குமாரசாமி தமிழர், தாயார் ஆங்கிலேயர். 1917 முதல் 1947-ல் மறையும்வரை அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள நுண்கலைப் பொருட்காட்சிசாலையில் பணியாற்றியவர். நடராஜர் வடிவத்தின் கருத்தை மேல்நாட்டாருக்கு விளக்கிய பெருமை அவரைச் சாரும். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதேன் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு 1943-ல் ஒரு நூல் வெளியிட்டார். காட்சிசாலையில் ஊதியம் பெற்றுக்கொண்டே அதன் அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்த்த துணிவுக்காக அவரை மதிக்கிறோம்.

அவர் கருத்தின் சாரம் இது: இன்று கண்ணாடிக்குள் இருக்கும் பழம்பொருள் எதுவும் கண்ணாடிக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. கிண்ணம் உண்பதற்கு, துணி உடுப்பதற்கு, படிமம் வழிபடுவதற்கு. பயன் வேறு, அழகு வேறு என்று பிரித்தது இக்காலத்தின் நோய். கலைஞன் என்று ஒரு தனிப்பிறவி கிடையாது. தன் வேலையை அறிந்து செவ்வனே செய்பவன் எவனும் கலைஞனே. இம்மட்டும் அவரோடு நமக்குச் சண்டையில்லை. கொல்லனையும் குயவனையும் தச்சனையும் வெறும் வேலைக்காரர் என்று கீழே தள்ளிவிட்டு, சட்டமிட்ட படம் எழுதுவோனை மட்டும் மேலே ஏற்றும் வழக்கத்தை நாமும் கண்டிக்கிறோம்.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. பழைய கலைஞன் பெயர் நாடாதவன். பெயரின்மையே அவனுக்குப் பெருமை என்றார். தந்தையின் தொழிலை மகன் தொடரும் ஜாதி ஏற்பாடே கலையைக் காத்தது என்றும் வாதித்தார். இங்கேதான் நாம் மறுக்கிறோம்.

பெயர் வேண்டாமென்று சொன்னவன் யார்? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். 1010-ல் நிறைவுற்ற அக்கோயிலுக்கு ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த செப்புத் திருமேனிகள் கல்லில் பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், அதற்குச் சாத்திய நகை எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி எல்லாம் உண்டு. கொடுத்தவர் பெயர் உண்டு. சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்களுக்கு அளித்த வீடுகளின் வரிசையும் உண்டு. பெருந்தச்சன் பெயர்கூட உண்டு. படிமத்தை வார்த்தவன் பெயரைத்தான் காணோம். மஞ்சாடிக்குக் கணக்கெழுதிய ராஜ்யத்தில் மனிதனுக்கு ஒரு வரி எழுதக் கல்லுக்குப் பஞ்சமா? உளிக்குப் பஞ்சமா?

பெயரைத் துறப்பது வேறு. பெயர் மறுக்கப்படுவது வேறு. துறப்பதற்கு முதலில் அது கையில் இருக்கவேண்டும். இல்லாதவனுடைய இல்லாமையை எடுத்து அவனுக்கே மாலையாகச் சூட்டுவது புகழ்ச்சியாகாது.

ஜாதி கலையைக் காத்தது என்பதும் பாதிக் கணக்கே. தந்தையிடம் மகன் கற்பது நல்ல கல்வியாகலாம். தந்தை அறிந்ததைத் தவிர வேறெதுவும் அவன் கற்கலாகாது, வேறொருவன் மகன் இதைக் கற்கலாகாது என்பது சிறையாகும். விரலில் வித்தை வைத்துக்கொண்டு பிறந்தும் மெழுகைத் தொட அனுமதியில்லாமல் மாண்டவர் எத்தனை பேர்? காப்பாற்றப்பட்ட கலைகளை எண்ணிக் காட்டுகிறார்கள். முளையிலேயே கருகிய கலைஞர்களை எண்ணிக் காட்டுவார் யார்?

இது நிற்க. 'அசல்' என்ற சொல்லை இனி ஆராய்வோம்.

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெயோடு காய்ச்சிப் பிசைந்து, அதிலே உருவத்தை முழுதும் செய்துகொள்வர். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிதாகப் பூசி, உலரவிட்டு, மேலும் மண்ணிட்டு, இரும்புக் கம்பியால் கட்டுவர். சூட்டில் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் படிமம் வெளிவரும். அச்சு உடைந்துபோவதால் அதே அச்சில் மறுமுறை வார்க்க முடியாது. ஆகவே சோழர் காலத்துப் படிமம் எப்படி ஒன்றேயொன்றோ, இன்று சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி இம்முறையில் வார்ப்பதும் அப்படியே ஒன்றேயொன்று. அதைச் 'சாயல்' என்றும் 'நகல்' என்றும் காப்பாளர் ஒதுக்குகிறார். விதியும் அளவும் பழையனவாயினும் கண்ணின் நோக்கையும் இடுப்பின் வளைவையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிப்பது உயிருள்ள கையே. படைப்பு என்பது வேறென்ன?

நகலை ஒதுக்கியவர்கள் அசலை எங்ஙனம் பெற்றார்கள்? அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் வழிபாடு குன்றிப் பூட்டிக்கிடந்த சிவன் கோயிலிலிருந்து ஒரு நடராஜர் களவு போயிற்று. அதை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 1970-ஐ ஒட்டிய காலத்திலேயே அது இந்தியாவைவிட்டு வெளியேறியதென்று காட்டும் பொய்ப் பத்திரங்கள் உடன் வந்தன. படிமம் அசல், பத்திரம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் கோயில்களில் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் பொய்யை உடைத்தன. 2014-ல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். கபூருக்கு வேறொரு கோயில் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022-ல் பத்தாண்டுச் சிறை விதித்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம் அதே வியாபாரியிடம் 2007-ல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு ஓர் உமா பரமேசுவரி படிமத்தை வாங்கியது. 2015-ல் அதை இந்தியாவுக்குத் திருப்பித்தர முடிவாயிற்று. திருப்பித்தந்ததைப் பாராட்டுகிறோம். ஆயினும் கேட்கிறோம்: அப்படிமத்தின் முன் நின்று 'இது பதினோராம் நூற்றாண்டு, இது அசல்' என்று மகிழ்ந்த தமிழர் எத்தனை பேர்? அவர்களுக்கு உண்மையில் பாதிதான் சொல்லப்பட்டது. உலோகத்தின் வயதைச் சோதித்தவர்கள் விற்ற கையை ஏன் அவ்வளவு கடுமையாகச் சோதிக்கவில்லை?

"கோயிலில் கிடந்தால் கேட்பாரற்று அழிந்திருக்கும், காட்சிசாலை காப்பாற்றியது" என்பார்கள். திருடனுக்குச் சுத்தியலைக் கையில் கொடுத்தது எது? வாங்குவோர் வைத்த விலையல்லவா? ஐம்பது லட்சம் டாலர் தருவதற்கு ஒருவன் காத்திருக்கையில் கிராமத்துக் கோயிலின் இரும்புப் பூட்டு எம்மாத்திரம்?

"அசலை நேரில் கண்டாலன்றிக் கலையின் உயிர் தெரியாது" என்றும் சொல்வார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடன் நடராஜரைப் பற்றி 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்தபின் 1921-ல் அது ஆனந்த குமாரசாமியின் எழுத்தோடு ஒரே தொகுப்பில் அச்சாயிற்று. ரோடன் பார்த்தது சென்னைப் பொருட்காட்சிசாலைப் படிமத்தின் புகைப்படங்களையே. படத்தைப் பார்த்தே உருகி எழுத அவரால் முடிந்தது. ஆகவே உலகத்தாருக்கு ரசனையை ஊட்டுவதற்காக ஒரு கிராமம் தன் பொருளை இழந்தே தீரவேண்டுமென்ற வாதம் நிற்காது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். செய்தவன் பெயரை மறைப்பது சோழர் காலத்தோடு முடிந்ததா? மலாயா ரப்பர் வரலாற்றைத் திறந்தால் ரிட்லியின் பெயர் முதற்பக்கத்தில் நிற்கும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்து, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையை 1890-களில் வகுத்தவர் அவர். அப்புகழ் அவருக்குரியதே. ஆனால் அம்முறையை லட்சோபலட்சம் மரங்களில் விடியுமுன் நடத்திக் காட்டிய கை எவருடையது? பட்டையை மயிரிழையாகச் சீவவேண்டும். உள்ளே தடிக்கட்டையைக் கத்தி தொட்டால் மரம் புண்ணாகும். தொடாமல் மேலாகச் சீவினால் பால் வராது. அந்த இடைவெளியை இருட்டிலே கையால் அறிந்தவள் கலைஞி அல்லளா? கலைஞனும் வேலைக்காரனும் ஒன்றே என்ற குமாரசாமியின் சொல் மெய்யாயின், அவளுடைய கத்தியும் மங்கும் பால்வாளியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரத் தகுதியுடையன. வரும்போது 'தோட்டத் தொழிலாளி, பெயர் தெரியவில்லை' என்ற சீட்டோடு வரவேண்டுமா? சோழ வார்ப்புக்காரனுக்குச் செய்த அநீதியை நம் பாட்டிக்கும் செய்வதா?

ஆகவே காட்சி அமைப்போரிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு பொருளின் கீழும் அது எவரிடமிருந்து, எந்த ஆண்டில், எவ்வழியே வந்ததென்று எழுதுக. எழுத முடியாத பொருளை வாங்காதிருப்பீராக. இரண்டாவது, செய்தவன் பெயர் கிடைக்காதபோது, பெயரின்மையை ஒரு பண்பாகப் புகழாமல், 'பெயர் பதிவு செய்யப்படவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதுக. குற்றம் செய்தவன்மேலன்று, பதியாதவன்மேல் என்பது அப்போது விளங்கும். மூன்றாவது, இன்று வார்ப்பவனையும் நெய்பவளையும் வனைபவனையும் திருவிழா வேடிக்கையாக ஒரு மூலையில் உட்காரவைக்காமல், கலைஞரென்று பெயரிட்டு நடுக்கூடத்தில் வைப்பீராக.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களுக்கும் ஒரு சொல். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, பழைய கத்திகள் பழைய இரும்போடு எடைக்குப் போகின்றன. எடைக்குப் போடுமுன் அதை எடுத்துத் துடையுங்கள். யார் பிடித்த கத்தி, எந்தத் தோட்டம், எந்த ஆண்டுமுதல் எந்த ஆண்டுவரை என்று உயிரோடிருக்கும் பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள். அருங்காட்சியகத்தார் ஒருநாள் வந்து கேட்பார்கள். அன்று கத்தியை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். பெயரோடு எடுத்துக்கொள்ளச் சம்மதமானால் கொடுங்கள், இல்லையேல் வீட்டிலேயே இருக்கட்டும்.